விரகாலூர் சாமிக்கு, பாடாலூரிலிருந்து

அன்புக்கும் மதிப்புக்கும் உரிய ஸ்டேன் சாமி அடிகளாருக்கு,

திருச்சி – சென்னை நெடுஞ்சாலையில் இருக்கிற பாடாலூரிலிருந்து எழுதுகிறேன். 1937-இல் நீங்கள் பிறந்த விரகாலூர் எங்களுக்கு அசலூர் அல்ல. ஊட்டத்தூர், புள்ளம்பாடிப் பக்கமாகப் போனால் வந்துவிடும். இந்த மடல் உங்களிடம் வந்து சேராது என்று தெரியும். ஆனாலும் நன்றி சொல்லாமல் இருக்க மனசு ஒப்பவில்லை.

உங்கள் பெயரைச் சொன்னால் எல்லாருக்கும் சிறைதான் நினைவுக்கு வருகிறது. 83 வயதில், நடுக்குவாதத்தோடு கைதானீர்கள். தண்ணீர் குடிக்க ஓர் உறிஞ்சுகுழலுக்கு நீதிமன்றத்தில் மனுப் போட வேண்டியிருந்தது. 2021 ஜூலை 5 அன்று, ஜாமீன் கிடைக்காமலே மும்பை மருத்துவமனையில் இறந்தீர்கள். அந்த வேதனை எங்களுக்கு ஆறவில்லை. ஆனால் நான் நன்றி சொல்ல வந்தது அதற்கெல்லாம் வெகு காலம் முந்திய ஒரு காரியத்துக்கு.

1965-இல் இன்றைய ஜார்க்கண்டின் சாய்பாசாப் பக்கம் பள்ளி ஆசிரியராகப் போனீர்கள். ஹோ பழங்குடிப் பிள்ளைகளோடு வாரச் சந்தைக்குப் போவீர்கள். அவர்களுடைய வீட்டார் தலைச்சுமையாகக் கொண்டுவந்த விளைச்சலுக்கு வெளியூர் வியாபாரி விலை சொல்லி ஏமாற்றுவதை நின்று பார்த்தீர்கள். பழங்குடிப் பிள்ளைகளை வேலைக்கென்று கடத்திப்போவதும் அந்த ஏமாற்றில்தான் தொடங்குகிறது, சாமி. விளைச்சலுக்கு விலை இல்லாதவன் கடன் வாங்குகிறான். கடனுக்கு நிலம் போகிறது. நிலம் போன வீட்டுத் திண்ணைக்குத் தரகன் வருகிறான். அவன் பெரும்பாலும் தெரிந்த முகம், சில சமயம் சொந்தக்காரனேதான். டெல்லியில் வீட்டு வேலை, மூன்று வேளை சாப்பாடு, மாசச் சம்பளம் என்று சொல்லிக் கையில் கொஞ்சம் முன்பணத்தையும் வைக்கிறான். கும்லா, சிம்டேகா, குந்தி மாவட்டங்களிலிருந்து எத்தனையோ பெண் பிள்ளைகள் இப்படித்தான் போனார்கள்.

நூறு வருஷத்துக்கும் முன்பே இதே ஊர்களிலிருந்து அசாம் தேயிலைத் தோட்டங்களுக்கு ஆள் பிடித்தார்கள். நம் பக்கத்துக் கங்காணிகள் ஆட்களை இலங்கைக்கு ஏற்றிப்போன கதைதான் அங்கேயும். அந்தக் காலத்தில் உங்கள் இயேசு சபையின் லீவன்ஸ் அடிகளார் 1885-இல் அங்கே போய், ஜமீன்தார்கள் கூலியில்லாமல் வாங்கிய வெட்டிவேலைக்கு எதிராக மக்கள் கோர்ட்டில் வழக்காடத் துணைநின்றார். அவருக்குப் பின் வந்த ஹாஃப்மன் அடிகளார் 1909-இல் கத்தோலிக்கக் கூட்டுறவுக் கடன் சங்கம் தொடங்கினார். வட்டிக்காரனிடம் போகாமல் விதைநெல்லுக்கு வழி பிறந்தது. பழங்குடி நிலம் வெளியார் கைக்குப் போகாமல் காக்கிற 1908-ஆம் ஆண்டுச் சோட்டாநாக்பூர் குத்தகைச் சட்டத்திலும் அவருடைய உழைப்பு இருக்கிறது. ஆங்கிலேயருக்கு எதிராக எழுந்த பிர்சா முண்டாவும் அவர் மக்களும் சிந்திய ரத்தம் இல்லாமல் அந்தச் சட்டம் வந்திருக்காது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அந்த வழியில் வந்தவர் நீங்கள். நிலம், காடு, கிராமசபை என்று ஓயாமல் பேசினீர்கள். ராஞ்சி அருகே பகைச்சா என்னும் சமூக மையத்தைத் தொடங்கி, விசாரணைக் கைதிகளாகக் கிடந்த பழங்குடி இளைஞர்களின் விவரங்களைத் திரட்டினீர்கள். கடத்தப்பட்ட பெண்ணை மீட்பது பெரிய காரியம். அவள் ஊரைவிட்டுப் போகத் தேவையில்லாதபடி நிலத்தைக் காப்பது அதனினும் பெரிது. இதை எனக்குப் புரியவைத்தது உங்கள் வாழ்க்கை.

இங்கே தமிழ்நாட்டிலும் அதே நிலைதான். செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் மரம் வெட்டும் இடங்களிலும் முன்பணத்துக்குக் கட்டுப்பட்டுக் கிடந்தவர்களில் இருளர் பழங்குடிக் குடும்பங்கள் ஏராளம். 2015 ஏப்ரலில் ஆந்திரத்தின் சேஷாசலம் காட்டில், செம்மரம் வெட்டியதாகச் சொல்லிப் போலீஸார் சுட்டுக் கொன்ற 20 பேரில் ஜவ்வாது மலைப் பழங்குடிகளும் இருந்தார்கள். அவர்களை ஏற்றிவிட்ட தரகர்கள் அந்தக் காட்டில் சாகவில்லை. நரிக்குறவர்கள் பழங்குடிப் பட்டியலில் சேர்ந்தது 2023-இல்தான். பட்டியலில் பெயர் இருந்தும் சாதிச் சான்றுக்குத் தாலுகா ஆபீஸுக்கு அலைகிற குடும்பங்கள் உண்டு. சான்று இல்லாவிட்டால் பிள்ளைக்கு உதவித்தொகை இல்லை. படிப்பு நின்றால் அடுத்த நாள் தரகன் வாசலில்.

பெரம்பலூர், அரியலூர்ப் பக்கத்து அன்பியங்களில் கூடிச் செபிக்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கூட்டத்தில் செபம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். உங்கள் ஊர் எல்லையில் குடிசை போட்டிருக்கும் குடும்பத்துக்குச் சாதிச் சான்று, மனைப் பட்டா, ரேஷன் கார்டு எது இல்லை என்று கேளுங்கள். மனு எழுதிக் கொடுங்கள், கூடவே போங்கள். முன்பணத்தில் சிக்கியவர்கள் யாரேனும் இருந்தால் கோட்டாட்சியரிடம் சொல்லுங்கள். 1976-ஆம் ஆண்டுக் கொத்தடிமை ஒழிப்புச் சட்டப்படி அந்தக் கடனை அவர்கள் திருப்பிக் கொடுக்க வேண்டியதில்லை. பிள்ளைகள் விஷயம் என்றால் 1098-க்கு உடனே பேசுங்கள்.


பாடாலூர்க்காரி ஒருத்தி