ஆறாங்கிளாஸ் எங்க படிச்சே?

ரொம்ப நாளா எழுதணும்னு நெனச்சுத் தள்ளிப்போட்ட விஷயம். இன்னிக்கு எழுதிடறேன்.

ராசிபுரத்துல மருந்துக்கடை வச்சிருக்கேன். ஞாயித்துக்கிழமை மத்தியானம் கடையைச் சாத்தினதும் சுத்துவட்டார அரசுப் பள்ளிப் பசங்க நாலஞ்சு பேர் வருவாங்க. நீட்டுக்கு உயிரியல் சொல்லித் தர்றேன்னு பேரு. (டி.ஃபார்ம் படிச்சவன் டாக்டருக்குப் பாடம் நடத்தறானாம்னு வீட்டுல ஒரே கிண்டல்!)

நாமக்கல்னா முட்டை, லாரி, அப்புறம் ஹாஸ்டல் பள்ளிக்கூடம். 2007-ல நுழைவுத்தேர்வு போய் பிளஸ் டூ மார்க்குலயே மெடிக்கல் சீட்டுன்னு ஆனதும், எங்கெங்கிருந்தோ பிள்ளைங்களைக் கொண்டாந்து இங்க சேர்த்தாங்க. உள்ளூர் அரசுப் பள்ளிப் பசங்க அந்தக் காம்பவுண்டு சுவரை வெளிய நின்னு பார்த்ததோட சரி. 2017-ல நீட் வந்தப்புறம் கோச்சிங்குக்குக் காசு வேணும்னு ஆச்சு. 2020-லதான் அரசுப் பள்ளி மாணவர்களுக்கு 7.5 சதவீத உள்ஒதுக்கீடு வந்துச்சு. நீதியரசர் கலையரசன் கமிஷன் சொன்னது 10, அரசு வச்சது 7.5. ஆனாலும் முதல் வருஷமே முன்னூறு பேருக்கு மேல எம்.பி.பி.எஸ். சீட்டு!

அந்த நம்பிக்கையிலதான் ஒரு தப்புப் பண்ணேன்.

லாரி டிரைவர் மக ஒருத்தி. 2021-ல மார்க் பத்தலை. நர்சிங் சீட்டு கிடைச்சுது. "இன்னொரு வருஷம் படி கண்ணு, உனக்குத்தான் 7.5 இருக்கே"ன்னு சொன்னேன். நர்சிங்கை விட்டுட்டுப் படிச்சா. 2022-ல நானூறைத் தாண்டிட்டா. கடையில எல்லாருக்கும் மிட்டாய்.

கவுன்சிலிங்குக்கு விண்ணப்பம் போட உக்காந்தோம். ஆறுல இருந்து பன்னெண்டு வரைக்கும் அரசுப் பள்ளியில படிச்சதுக்குச் சான்று கேட்டிருந்தது. அவ ஆறு, ஏழு, எட்டு படிச்சது அரசு உதவி பெறும் பள்ளி. ஒதுக்கீடு அதுக்குக் கிடையாது.

"அதுவும் கவர்மெண்ட் ஸ்கூல்தானேண்ணா? ஃபீஸே கட்டலியே, சத்துணவுதானே சாப்பிட்டோம்?"

என்ன பதில் சொல்றது? அவங்க ஊர்ல இருந்தது அந்த ஒரு பள்ளிக்கூடம்தான். பொதுப் போட்டிக்கு அந்த மார்க் பத்தலை.

அவங்கப்பா போன் பண்ணினப்ப ஒடிசா பக்கம் லோடோட நின்னுட்டிருந்தார். "பரவாயில்லீங்க சார், நீங்க என்ன பண்ணுவீங்க"ன்னார். திட்டியிருந்தாத் தேவலை.

அந்த வருஷமே நர்சிங் சேர்ந்துட்டா. ஒரு வருஷம் போனது போனதுதான். என் பேச்சை நம்பிப் போன வருஷம்.

பாடம் சொல்லித்தர யூடியூப்லகூட ஆள் இருக்கு. ஆனா டிசியை வாங்கிப் பார்க்க, சாதிச் சான்றிதழ் சரியா இருக்கான்னு பார்க்க, படிச்ச மாமா சித்தப்பா வேணும். இந்தப் பசங்க வீட்டுல அந்த ஆள்தான் இல்லை. கொல்லிமலைப் பசங்ககிட்ட இப்பல்லாம் முன்கூட்டியே சொல்லிடறேன்: எஸ்.டி. சான்றிதழ் தர்றது தாசில்தார் இல்லை, கோட்டாட்சியர். பிளஸ் ஒன்லயே எழுதிக் குடுத்துடுங்க.

லீவுல ஊருக்கு வந்தா அவளும் கடைக்கு வருவா. போன மாசம் புதுசா ஒரு பையன் வந்தான். நான் புஸ்தகத்தை எடுக்கறதுக்குள்ள அவ கேட்டுட்டா:

"தம்பி, ஆறாங்கிளாஸ் எங்க படிச்சே?"