பாயிண்ட் கணக்கில் வராத வேலை

மயிலாப்பூர், திருவல்லிக்கேணிச் சந்துகளில் பழைய வீடுகளுக்கு வயரிங் பழுது பார்க்கப் போகிறவர்களுடன் சென்றால், ரேழிச் சுவரில் அறைந்திருக்கும் மரப்பலகைதான் முதலில் கண்ணில் படும். இரும்பு மெயின் சுவிட்ச், வரிசையாக வெள்ளைப் பீங்கான் பீஸ் கட்டைகள், மேலே பல வருஷத்துச் சுண்ணாம்புத் தெறிப்பு. ‘பழசு, ஆபத்து, தூக்கிப் போட்டுவிட்டு எம்சிபி பெட்டி வையுங்கள்’ என்பது வீட்டுக்காரர்களின் முடிவாக இருக்கிறது. கைதேர்ந்த வயர்மேன் அவ்வளவு சீக்கிரம் தலையாட்டுவதில்லை. பலகையைக் கழற்றிப் பின்பக்கத்தைப் பார்த்த பிறகுதான் வாய் திறக்கிறார். நான் பார்த்தவரை அவர் பக்கம்தான் நியாயம். ஆபத்து பலகையின் வயதில் இருப்பதைவிட, பார்க்கச் சொல்லி யாரும் காசு கொடுக்காத இணைப்புகளில் அதிகம் இருக்கிறது.

பின்பக்கம் இப்படி இருக்கும்: நூல் பின்னிய பழைய ரப்பர் வயர், விரலால் வளைத்தாலே உதிர்கிறது. அதன் முனையில் எழுபதுகளில் தாமிரத் தட்டுப்பாட்டின்போது பல வீடுகளில் இழுத்த அலுமினிய வயர். அதோடு பின்னாளில் முறுக்கிச் சேர்த்த தாமிர வயர். அலுமினியம் ஸ்க்ரூவின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி விலகும். மேலே படியும் ஆக்சைடு மின்சாரத்தைத் தடுக்கும். அந்த இடத்தில் 0.3 ஓம் தடை ஏறிவிட்டது, 10 ஆம்பியர் போகிறது என்று வைத்துக்கொள்வோம். அங்கே 30 வாட் சூடு பிறக்கிறது. ரேடியோ மெக்கானிக்கின் சால்டரிங் அயர்ன் 25 வாட்தான். அது ஈயத்தை உருக்குகிறது. அப்படியொன்றை மரப்பலகைக்குப் பின்னால் சொருகி வைத்த கதைதான் இது. இதில் கவனிக்க வேண்டியது, மின்னோட்டம் அளவுக்கு மீறவே இல்லை என்பது. ஆகவே பீஸும் போகாது, எம்சிபியும் விழாது. வயர்மேன் கருகிய முனையை வெட்டி, புதிதாகச் சீவி, கம்பியை இரண்டாக மடித்துத் துளைக்குள் செலுத்தி, ஸ்க்ரூவை இறுக்கி, பிறகு வயரை ஒருமுறை வெடுக்கென்று இழுத்துப் பார்க்கிறார். அந்த இழுப்பில்தான் அவருடைய தொழில் இருக்கிறது.

‘நாற்பது வருஷமாக ஒன்றும் ஆகவில்லையே’ என்பார்கள். உண்மைதான். அந்த வருஷங்களில் பெரும்பாலும் ஓடியவை நாலு பல்பு, இரண்டு மின்விசிறி, ஒரு ரேடியோ. இன்றைக்கு 2 கிலோவாட் கீசர் ஏறத்தாழ 9 ஆம்பியர், ஒன்றரை டன் ஏசி 7, 8 ஆம்பியர், ஆயிரம் வாட் இஸ்திரிப் பெட்டி 4 ஆம்பியருக்கு மேல். மூன்றும் ஒரே லைனில் ஓடினால் 20 ஆம்பியரைத் தாண்டும். ‘பீஸ் இருக்கிறதே, காப்பாற்றாதா’ என்று கேட்கலாம். 15 ஆம்பியர் பீஸ் கம்பி உருக ஏறத்தாழ இருமடங்கு மின்னோட்டம் வேண்டும். அதற்குள் வயர் நிதானமாக வெந்துகொண்டிருக்கும். அதுவும் சரியான கம்பி கட்டியிருந்தால். அவசரத்தில் வயரிலிருந்து உரித்த இரண்டு மூன்று இழையைக் கட்டிவிட்டுப் போன கட்டைகளே அதிகம். 16 ஆம்பியர் எம்சிபி, 23 ஆம்பியருக்குச் சற்று மேல் தொடர்ந்து போனால் ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தாக வேண்டும். அந்த வகையில் அது மேல்தான். ஆனால் அடிக்கடி விழுகிறது என்று 16-ஐக் கழற்றி 32-ஐ மாட்டினால், பெட்டி புதிதாகப் பளபளக்கும், பின்னாலிருக்கும் வயருக்குக் காவல் போய்விடும். பழைய பலகையாவது பார்ப்பவரைப் பயமுறுத்துகிறது.

நியூட்ரலிலும் பீஸ் வைத்த பலகைகள் இன்னும் கிடைக்கின்றன. 1956ஆம் ஆண்டின் இந்திய மின்சார விதிகள் நியூட்ரலை மட்டும் தனியே துண்டிக்கும் பீஸைத் தடை செய்தன. கட்டைகள் அதைப் படித்ததாகத் தெரியவில்லை. நியூட்ரல் பீஸ் போனால் விளக்கு அணையும், ஹோல்டரில் மின்சாரம் அப்படியே நிற்கும். 30 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்சிசிபி இத்தகைய வீடுகளுக்குத்தான் மிகவும் தேவை. தனி எர்த் வயர் இல்லாவிட்டாலும் அது வேலை செய்யும். மாட்டிய மறுநாளே கழற்றச் சொல்கிறார்கள் என்பது வயர்மேன்களின் புகார். பல குடித்தனங்களாகப் பிரித்த வீட்டில் பக்கத்துப் போர்ஷன் மீட்டரிலிருந்து நியூட்ரலை இழுத்திருப்பார்கள். ஆர்சிசிபி அதைக் கசிவாகவே கணக்கிட்டு விழுந்துகொண்டே இருக்கும். கோளாறு கருவியில் இல்லை. ஆனால் எந்த நியூட்ரல் எங்கே போகிறது என்று தேட அரைநாள் ஆகும், அந்த அரைநாளுக்குக் கூலி யார் தருவது?

புது வீட்டில் வயரிங் கூலி பாயிண்ட் கணக்கு: விளக்குக்கு இவ்வளவு, பிளக்குக்கு இவ்வளவு. பழைய வீட்டில் தேடுவதற்கும் இறுக்குவதற்கும் அளப்பதற்கும் பாயிண்ட் கிடையாது. டாங் டெஸ்டரால் ஒவ்வொரு லைனையும் அளந்து, மெகர் வைத்து இன்சுலேஷன் பார்த்துவிட்டு, ‘வயர் மாற்றாமல் பெட்டி மாற்றாதீர்கள்’ என்று சொல்கிறவருக்கு அன்றைக்கு வருமானம் இல்லை. பேசாமல் பெட்டியை மாட்டிவிட்டுப் போகிறவருக்கு உண்டு. கம்பியாள் உதவியாளர் தகுதிச் சான்றிதழ் வைத்திருப்பவரையே கூப்பிட வேண்டும் என்பது நல்ல யோசனைதான். ஆனால் சான்றிதழ் இந்தக் கணக்கை மாற்றாது. பார்ப்பதற்கென்று தனிக் கூலி பேசி, அளந்த எண்களைப் பெட்டிக் கதவின் உட்புறம் எழுதி ஒட்டச் சொன்னால் மாறலாம். வாடகை வீட்டில் அதற்கும் வழியில்லை என்பதை ஒப்புக்கொள்ள வேண்டும்: பலகை வீட்டுக்காரருடையது, ஏசி குடியிருப்பவருடையது, ஏசி மாட்ட வருகிற பையனுக்கு ரேழிப் பலகையைத் திறந்து பார்க்க யாரும் சொல்லி அனுப்புவதில்லை.