திங்கட்கிழமை மூச்சு

எங்கள் வீட்டில் திங்கட்கிழமைக்கென்று தனியாக ஓர் இருமல் இருந்தது. ஞாயிறு மில் விடுமுறை. அன்று அப்பா சற்று நிமிர்ந்து நடப்பார். மாலையில் சிங்காநல்லூர்க் குளக்கரை வரை எங்களைக் கூட்டிச் செல்வார். மறுநாள் முதல் ஷிப்டு முடிந்து வருகையில் ஒரு கையால் மார்பை அழுத்தியபடி சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வருவார். கயிறு போட்டு இறுக்கினாற்போல் இருக்கிறது என்பார். செவ்வாய், புதன் என்று நாள் செல்லச் செல்ல அந்த இறுக்கம் தளரும். அடுத்த திங்கள் மீண்டும் வரும்.

“ஞாயித்துக்கெழம பூரா பீடி ஊதுனா திங்கக்கெழம இருமாம என்னுங்க பண்ணும்?” என்பார் அம்மா.

“அது மில்லுத் தூசி சாமி, நாலு நாள்ல பழகிக்கும்” என்று அப்பா எங்களைப் பார்த்துச் சொல்வார். நாங்கள் மூவரும் அம்மாவின் கட்சி. தன் நோயைப் பற்றி அவர் சொன்ன சரியான வாக்கியம் அது ஒன்றுதான் என்று அறிய எங்களுக்கு முப்பது ஆண்டுகள் பிடித்தன.

1888-இல் ஸ்டேன்ஸ் மில்லில் தொடங்கி, 1930-களில் பைகாரா மின்சாரம் வந்தபின் பல்கிப் பெருகிய பஞ்சாலைகளின் ஊர் கோவை. அவற்றில் ஒன்றில் 1968 முதல் 1996 வரை அப்பா புளோரூமில் வேலை செய்தார். பஞ்சுப் பொதியை உடைத்து, பிரித்து, தூசியும் சருகும் நீக்கும் இடம் அது. நூற்புக்கு முந்தைய வேலை என்பதால் ஆலையின் அழுக்கெல்லாம் அங்கேதான் முதலில் பறக்கும். வீடு திரும்பும்போது அவருடைய புருவம் வெளுத்திருக்கும். தொண்டையில் படிந்ததை வெல்லம் இறக்கிவிடும் என்று நம்பி, மடியில் எப்போதும் ஒரு துண்டு அச்சுவெல்லம் வைத்திருப்பார்.

கொங்குப் பக்கத்தில் சளி நீடித்தால் முதலில் மனத்தில் எழுவது பெருந்துறை சானடோரியம்தான். காசநோய் பற்றிய அச்சம் அத்தனை ஆழமானது. எக்ஸ்ரேயில் காசம் இல்லை என்றதும் நோயே இல்லை என்று தீர்மானித்துவிட்டோம். இலக்கியமும் அப்படித்தான். க்ஷயத்துக்குக் கதைகளில் ஓர் அந்தஸ்து உண்டு. 1948-இல் புதுமைப்பித்தனைக் கொண்டுபோனதும் அதுவே. வெறும் இருமலுக்கு அந்தப் பெருமை வாய்க்கவில்லை.

எங்களில் இளையவள் பிரெஞ்சு நாவலாசிரியர் மார்சல் புரூஸ்த்தைப் பற்றிப் படித்துக்கொண்டிருந்தபோது தற்செயலாக ஒரு செய்தி கிடைத்தது. வாழ்நாள் முழுதும் ஆஸ்துமாவில் வாடிய அந்த எழுத்தாளரின் தந்தை ஆத்ரியன் புரூஸ்த் ஒரு மருத்துவர். பஞ்சு, சணல் தூசியால் வரும் மூச்சுநோய்க்கு ‘பிஸினோசிஸ்’ என்னும் பெயரை 1877-இல் தம் சுகாதார நூலில் எழுதியவர் அவர். அந்நோயின் முதல் அடையாளம், விடுமுறை கழிந்து வேலைக்குத் திரும்பும் முதல் நாளில் மார்பு இறுகுவது. அந்த வரியை அவள் தொலைபேசியில் வாசித்தாள். வெகுநேரம் நாங்கள் யாரும் பேசவில்லை.

பஞ்சில் ஒட்டியிருக்கும் பாக்டீரியாக்களின் நச்சுப்பொருள் மூச்சுக்குழாய்களைச் சுருங்க வைக்கிறது. தொடக்கத்தில் வாரம் செல்லச் செல்ல உடல் சமாளிக்கும். ஆண்டுகள் கடந்தால் திங்களின் இறுக்கம் எல்லா நாளுக்கும் பரவும். இறுதியில் மீளமுடியாத நாட்பட்ட மூச்சுக்குழாய் அழற்சியாகவே தோற்றம் தரும். அந்தக் கட்டத்தில் அதைப் புகைப்பவரின் இருமலிலிருந்து எக்ஸ்ரேயால் பிரித்தறிய இயலாது. பீடியும் தூசியும் சேர்ந்தால் கேடு பன்மடங்கு. ஆகவே அம்மாவும் பொய் சொல்லவில்லை. பாதியைச் சொன்னார், அந்தப் பாதி எங்களுக்குப் போதுமானதாக இருந்தது.

அக்காலத்துத் தொழிற்சாலைச் சட்டத்தின் நோய்ப் பட்டியலிலும், ஈ.எஸ்.ஐ. சட்டத்தின் பட்டியலிலும் இந்நோய் இருந்தது. யாரேனும் கேட்டிருந்தால் நிவாரணத்துக்கு வழி இருந்திருக்கும். கேட்கவேண்டியவர்கள் அவருடைய படித்த பிள்ளைகளாகிய நாங்கள்தான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்லவேண்டும். சளிக்காய்ச்சலைத் தொடர்ந்து வரும் இருமல் பெரும்பாலும் வைரஸால் வருவது. இரண்டு மூன்று வாரத்தில் தானே அடங்கும். ஆன்டிபயாட்டிக் அதற்கு அநேகமாகத் தேவைப்படாது. ஆனால் ஆண்டுக்கு மூன்று மாதம் வீதம், தொடர்ந்து இரண்டு ஆண்டுகள் சளியோடு இருமினால் அது நாட்பட்ட வகை. இரண்டுக்கும் நாங்கள் ஒரே மருந்தைத்தான் வாங்கினோம்: கடையில் கிடைத்த மாத்திரையும் சிரப்பும். ஒரு மருத்துவர் இன்ஹேலர் எழுதித் தந்தபோது, “அத ஒருக்கா தொட்டா விடமுடியாதுங்கப்பா” என்று தடுத்தவர் எங்களில் மூத்தவர். மற்ற இருவரும் தலையாட்டினோம். நேரே குழாய்களைச் சென்றடையும் அந்த மருந்தின் அளவு மாத்திரையினுடையதைவிட மிகக் குறைவு என்பதும், அடிமையாக்கும் இயல்பு அதற்கில்லை என்பதும் எங்களுக்குத் தெரியாது. கேட்டுத் தெரிந்துகொள்ளவும் இல்லை. நான்கு ஆண்டுகள் அவர் அந்த நிம்மதியில்லாமல் கழித்தார். பிறகு இன்ஹேலர் வந்தபோது, முதல் இரவு படுத்துத் தூங்கினார். அதுவரை உட்கார்ந்தபடியே தூங்கியவர்.

அப்பா 2009 மார்கழியில் போனார்.

சென்ற ஐப்பசியில், பாலக்காட்டுக் கணவாய்க் காற்றில் மழை கலந்து வீசிய ஒரு நாள், அம்மா படியேறும்போது நடுவில் நின்றார். பீடியைத் தொடாதவர், ஆனால் எங்களுக்காக நாற்பது வருடம் விறகடுப்பை ஊதியவர். அடுப்புப் புகையும் அதே குழாய்களைத்தான் அரிக்கும். “வயசாச்சுல்ல கண்ணு, வேறென்ன” என்றார்.

இம்முறை நாங்கள் அதை நம்பவில்லை. மூவரும் சேர்ந்தே அழைத்துப் போனோம். ஸ்பைரோமெட்ரி என்னும் ஊதும் பரிசோதனையில், “இன்னும் ஊதுங்கம்மா, இன்னும், இன்னும்” என்று அங்கிருந்த பெண் உற்சாகப்படுத்தினாள். அம்மா கண்ணை இறுக மூடிக்கொண்டு, அடுப்பை ஊதுவது போலவே ஊதினார்.

மூச்சு எவ்வளவு குறைந்திருக்கிறது என்று ஒரு தாளில் வந்தது. அப்பாவுக்கு அப்படி ஒரு தாள் எங்களிடம் இல்லை.