மருதமரத்து மலைத்தேனீ

தென்காசிக்கும் குற்றாலத்திற்கும் அண்மையில், குமரன் கோயில் கொண்ட இலஞ்சியே யாம் பிறந்த ஊர். மேற்கே திரிகூடமலை, அடியில் வயல்கள், வயல்களினூடே வாய்க்கால், அதன் கரையில் ஓங்கிய மருதமரமொன்று. தை பிறந்தபின் அம்மரத்தின் உயர்ந்த கிளைகளில் மலைத்தேனீக்கள் வந்து அடை கட்டும். பெருந்தேனீ என்றும் இதனை வழங்குவர். மேலே மலையில், குற்றாலக் குறவஞ்சி பாடிய திரிகூடராசப்பக் கவிராயரும் போற்றிய தேனருவி, பாறைகளில் தொங்கும் தேனடைகளாலேயே அப்பெயர் பெற்றதென்பர். அடை கட்டுவது இத்தேனீயே.

பெட்டிகளில் வளர்க்கும் தேனீயினும் இது மிகப் பெரிது. ஏறக்குறைய 17 முதல் 20 மில்லிமீட்டர் நீளமுடையது. பொந்தை நாடாது, திறந்த வெளியில் ஒற்றை அடையே கட்டும். அவ்வடை சிலபோது ஒரு மீட்டரினும் அகன்றிருக்கும். அதற்குச் சுவருமில்லை, கூரையுமில்லை. தேனீக்களே ஒன்றையொன்று பற்றிப் பல அடுக்காகத் தொங்கி, தம் உடலையே திரையாக்கி உள்ளிருக்கும் குஞ்சுகளைக் காக்கின்றன. குளவி நெருங்கினால், ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தேனீக்கள் வயிற்றை உயர்த்தித் தாழ்த்தும். அப்போது அடையின்மேல் மின்னலைபோல் ஓர் ஒளி ஓடும். குளவியை வெருட்டுதற்கே இவ்வலை எழுகின்றதென்பதை 2008ஆம் ஆண்டு வெளிவந்த ஆராய்ச்சியொன்று விளக்கியது.

அவ்வொளியே எம்மைக் கெடுத்தது. எமக்கு அப்போது வயது பதினொன்று. மாசி மாதத்தில் ஒரு மாலை, பள்ளி விட்டு வரும் வழியில், தோழர் இருவருடன் மரத்தடியில் நின்று அந்த அலையைக் கண்டோம். மீண்டும் காணும் ஆசையால் யாம் ஒரு கல்லை எறிந்தோம். முதற்கல் தப்பியது, இரண்டாவது அடையிற் பட்டது. மழை இரைவதுபோல் ஓர் ஓசை எழுந்தது. மூவரும் ஓடிப் பிழைத்தோம். ஒன்றும் அறியாராய்ப் புற்கட்டைச் சுமந்து பின்னே வந்த முதியவரொருவர் அகப்பட்டுக்கொண்டார்.

பிற்காலத்தில் கல்லூரி ஆய்வுக்கூடத்தில் தேனீயின் கொடுக்கைப் பூதக்கண்ணாடியின் கீழ்க் கண்டபோதே அன்று நிகழ்ந்தது எமக்கு விளங்கியது. கொடுக்கில் பின்னோக்கிய முட்கள் உள்ளன. மனிதர் தோலில் தைத்தால் அது மீளாது. கொட்டிய தேனீ அதனை அங்கேயே விட்டு மாளும். விட்ட கொடுக்கினின்று ஒரு மணம் எழுந்து ஏனைய தேனீக்களை அவ்விடத்திற்கே அழைக்கும். ஆகவே முதற்கொட்டுப் பெற்றவரை நூறு கொட்டுகள் தொடரும். எம்மைத் தேடி எழுந்த சினம் அம்முதியவர்மேல் இறங்கியது.

அவர் பல நாள் மருத்துவமனையிற் கிடந்து பிழைத்தார். அவ்வாண்டு அறுவடைக்கு வயலில் இறங்கவில்லை. ஊரார் கூடித் தேனீக்களைக் கொடியவை என்று தீர்மானித்தனர். ஓர் இரவில் பனையோலைப் பந்தங்களை மூங்கிலிற் கட்டி உயர்த்தினர். இருளில் தேனீக்கள் ஒளியை நோக்கியே பாய்ந்து தீயில் விழுந்தன. யாமும் கூட்டத்தில் நின்று பார்த்தோம். மறுநாட்காலை, கரிந்து வீழ்ந்த அடையில் தேன் சிறிதே இருந்தது. எஞ்சிய அறைகளெல்லாம் வெண்ணிறப் புழுக்கள். எறும்புகள் அவற்றை இழுத்துச் சென்றன. தேன் கிளையையொட்டிய மேற்பகுதியிலும், குஞ்சுகள் கீழ்ப்பகுதி முழுவதிலும் இருப்பது இத்தேனீயின் வழக்கம். தேனிருக்கும் பகுதியை மட்டும் அறுப்பவர் கூட்டினைக் காப்பர்; தீயிடுபவர் குடியை அழிப்பர்.

தேனீக்கள் ஏன் சீறின என்று ஒருவரும் எம்மைக் கேட்கவில்லை. யாமும் சொல்லவில்லை. நலம்பெற்ற முதியவர் ஒருநாள் வாய்க்காற்கரையில் எம்மைக் கண்டு, "தேனீ சும்மா கொட்டாது, தம்பி" என்றார். வேறொன்றும் கூறாது நடந்தார். அவர் அறிந்து சொன்னாரோ, அறியாது சொன்னாரோ, இன்றளவும் எமக்குத் தெரியாது. எம் முகம் மட்டும் வியர்த்தது.

மூன்று ஆண்டுகள் அம்மரம் வெறிதே நின்றது. நான்காம் ஆண்டுத் தையில் ஓர் அடை தோன்றியது. மலைத்தேனீக்கள் பருவந்தோறும் பூக்களை நாடி நெடுந்தொலைவு பெயர்ந்து சென்று, பல திங்கள் கழித்துப் பழைய இடத்திற்கே மீள்வதுண்டு. அசாம் நாட்டில் அவற்றின் மரபணுக்களை ஒப்புநோக்கி, பழைய அரசியின் கூட்டமே பழைய கிளைக்குத் திரும்புவதை ஆராய்ச்சியாளர் 2000ஆம் ஆண்டில் வெளியிட்டனர். வேலைத்தேனீக்களோ நெடுநாள் வாழ்வன அல்ல. சென்றவற்றுள் பல மீள்வதில்லை. அங்ஙனமாயின் வழியை நினைவில் வைத்திருப்பது யாது என்பது இன்னும் அறிஞரை மயக்கும் வினாவாகும். எம் மரத்திற்கு வந்தது புதுக்குடியாகவே இருத்தல் கூடும். ஆயினும் அதனைக் கண்ட அன்று மகிழ்ச்சியினும் நாணமே எமக்கு மிகுந்தது.

முதியவரிடம் உண்மையைக் கூறவேண்டுமென்று பன்முறை எண்ணினோம். விடுமுறைக்கு ஊர் சென்றபோதெல்லாம் நாளை, நாளை என்று கழித்தோம். சென்ற ஆண்டு சென்றபோது அவர் இறந்து நாற்பது நாட்கள் ஆகியிருந்தன. அவர் மனையில் சிறிது நேரம் வாளாவிருந்து எழுந்து வந்தோம்.

இவ்வாண்டு மாசியில் அம்மரத்தில் மூன்று அடைகள் தொங்கின. கீழே சிறுவர் சிலர் அண்ணாந்து நின்றனர். ஒருவன் கையில் கல் இருந்தது. யாம் அருகிற் சென்று எம் கதையை, ஒன்றும் மறையாது, அவர்கட்குச் சொன்னோம். அவன் கல்லைக் கீழே போட்டான். பின்னர் அனைவரும் அங்கேயே அமர்ந்து, மேலே அவ்வொளி தானே எழுந்து ஓடும் வரை காத்திருந்தோம்.