ஒன்பதாம் நாளும் ஏழு கோழிகளும்

பினாங்கில் கோழி வளர்ப்பவருக்குத் தீபாவளியைவிடச் சீனப் பெருநாள்தான் சோதனை. அதிலும் எட்டாம் நாள் இரவு. விடிந்தால் ஹொக்கியன் மக்களின் 'பாய் தீ கோங்'. நள்ளிரவில் சியூ ஜெட்டியில் மட்டுமல்ல, எங்கள் ஜெலுத்தோங் தெருவிலும் கரும்பு கட்டிய வாசல்தோறும் வெடிதான். (முன்னோர் கரும்புத் தோட்டத்தில் ஒளிந்து உயிர் பிழைத்த கதையின் நினைவு அந்தக் கரும்பு.)

வெடிச்சத்தத்தைவிடக் கோழியைக் கொல்வது நெரிசல். மிரண்டு ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறும். அடியில் சிக்கியது மூச்சுமுட்டிச் சாகும். எதிர்வீட்டு ஆச்சிக்கு அப்படி மூன்று போயின.

அதனால் பொழுது சாயும் முன்பே ஏழையும் அடைத்துவிடுவேன். இருட்டில் கோழிக்குக் கண் சரியாகத் தெரியாது. வெளிச்சம் பளிச்சிடாதவரை கழியைவிட்டு இறங்காது. தெருப்பக்கம் நனைத்த சாக்கு தொங்கும். பொறி விழுந்தாலும் பற்றாது. முழுக்க மூடக்கூடாது. நம்மூர்ப் புழுக்கத்தில், வெடிக்குத் தப்பியது வெக்கையில் விழும். மதில் பக்கம் ஒரு சாண் இடைவெளி, நிறையத் தண்ணீர். மூலைகளில் பலகை சாய்த்துவிடுவேன். ஒண்ட மூலை இல்லாவிட்டால் குவியாது. மாலை முதலே மின்னல் எஃப்.எம். மெல்ல ஒலிக்கும். கோழிக்கா, உங்களுக்கா என்பாள் மனைவி.

காலையில் முற்றமெங்கும் சிவப்புக் காகிதம். கண்டதையும் கொத்துகிற ஜென்மங்கள். பெருக்கிய பிறகே கதவைத் திறப்பேன். சில நாள் முட்டை குறையும், தோல்முட்டையும் வரும். பக்கத்து வீட்டுச் சீனப் பெரியவர் எத்தனை மணிக்குக் கொளுத்துவார் என்று முன்கூட்டியே சொல்லிவிடுவார். தீபாவளிக்கு நானும் அப்படியே. போன முறை கரும்புத் துண்டோடு வந்தார். பத்து முட்டை கொடுத்தனுப்பினேன்.