தலை திரும்பும், கால் நகராது

வி.ஆர். ஆவணப்படம் பார்த்தவங்க எல்லாரும் சொல்றது, "அங்கேயே இருந்த மாதிரி இருந்துச்சு." இந்த உணர்வை மெல் ஸ்லேட்டர்ங்கிற ஆராய்ச்சியாளர் 2009-ல் ரெண்டாப் பிரிச்சார். ஒண்ணு, நாம அந்த இடத்துல இருக்கோம்ங்கிறது. இன்னொண்ணு, அங்க நடக்குறது நிஜம்ங்கிறது. ரெண்டாவது வரணும்னா, அந்த உலகம் நமக்குப் பதில் சொல்லணும்.

2015-ல் ஐ.நா.வுக்காக எடுத்த 'கிளவுட்ஸ் ஓவர் சித்ரா'வை ஹெட்செட்ல பார்த்தேன். ஜோர்டான்ல ஸாத்தரி அகதி முகாம், 12 வயசு சிரியச் சிறுமி. வகுப்பறையில தலையைத் திருப்பினா பின்னாடியும் பிள்ளைங்க. சிலிர்த்துப்போச்சு. குனிஞ்சா என் காலைக் காணோம். ஒரு அடி முன்னால வெச்சா முகாமும் கூடவே வருது. 360 டிகிரி வீடியோவுல கேமரா நின்ன இடம்தான் நம்ம இடம். பள்ளிக்கூடம் போற வழியில ரொட்டி வாசனை இழுக்கும்னு அவ சொல்றா. எனக்கு ஹெட்செட் ரப்பர் வாசனைதான் வந்துச்சு.

எங்க நாமகிரிப்பேட்டையில மஞ்சள் வேகவைக்கிற நாள்ல களத்துப் பக்கம் போனா, புகையில கண்ணு எரியும், வாசனை சட்டையை விட்டுப் போகாது. அதைவிட முக்கியம், யாராவது கேட்பாங்க: "எப்ப வந்த கண்ணு? சும்மா நிக்காம இந்தச் சாக்கைப் புடி."

வி.ஆரைப் 'பரிவு இயந்திரம்'னு அதே வருஷம் சொன்னார், அந்தப் படத்தை எடுத்தவங்கள்ல ஒருத்தரான கிறிஸ் மில்க். எனக்குப் பாதிதான் சம்மதம். முகாமை அது கண் முன்னாடி நிறுத்துது. ஆனா அங்க யாரும் நம்மகிட்ட எதுவும் கேட்க முடியாது. கேட்காத இடத்துல அழுறது சுலபம்.

ஃபைனல் இயர் ப்ராஜெக்ட்டுக்கு அந்தக் களத்தை 360-ல எடுக்கலாம்னு இருக்கோம். கேமராவை அப்புறம் வைப்போம். முதல்ல சாக்கைப் புடிக்கணும்.