40 சவரன் இல்லையடி, 11 தான்

அன்புள்ள ராஜி,

எங்கள் வீட்டில் திருடு போனதை உனக்கு யார் சொல்லியிருப்பார்கள் என்று எனக்குத் தெரியும். உன் சின்ன மாமியார்தானே? 40 சவரன் என்றார்களா? எங்கள் தெருவில் 11-ஆகக் கிளம்பியது, சிம்மக்கல் தாண்டும்போது 18, காரைக்குடிச் சொந்தங்களிடம் போனபோது 30. கோயம்புத்தூரில் உன் காதுக்கு வருவதற்குள் 40 ஆகிவிட்டது. தங்கம் விலைகூட இந்த வேகத்தில் ஏறவில்லையடி. எங்களைக் கட்டிப்போட்டு வாயில் துணி அடைத்தார்கள் என்று ஒரு கதை வேறு ஓடுகிறதாம். யாரும் யாரையும் கட்டவில்லை. நாங்கள் வீட்டிலேயே இல்லை, ஓரகத்தி தம்பி கல்யாணத்துக்குப் போயிருந்தோம்.

விடியற்காலையில் வந்து இறங்குகிறோம். பூட்டு பூட்டினபடியே தொங்குகிறது. இவர் சாவியை எடுத்துக்கொண்டு கதவில் கை வைக்கிறார், கதவு தானாகத் திறக்கிறது! நாதாங்கியைக் கடப்பாரையால் நெம்பி, திருகாணியோடு நிலையிலிருந்து பிடுங்கியிருக்கிறான். பூட்டின் மேல் ஒரு கீறல்கூட இல்லை. திண்டுக்கல்லில் சொல்லி வைத்து வாங்கிய மாங்காய்ப் பூட்டு. 2019-ல் திண்டுக்கல் பூட்டுக்குப் புவிசார் குறியீடு கொடுத்தார்கள் அல்லவா, அன்றிலிருந்து வருகிறவர்களிடமெல்லாம் அதைக் காட்டிப் பெருமை பேசிக்கொண்டிருந்தார். பூட்டு தன் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டது. எங்கள் வீட்டைத்தான் காப்பாற்றவில்லை.

உள்ளே போனால் ஹால் முழுக்க மிளகாய்த் தூள். எங்கள் வீட்டு மிளகாய்த் தூள்தான். நான் மொட்டைமாடியில் காயப்போட்டு, மில்லில் நின்று அரைத்து வாங்கி வந்தது. ஒரு தூக்கு நிறைய இருந்ததை வாசலிலிருந்து பீரோ வரைக்கும் கொட்டியிருக்கிறான். பீரோவைத் தகர டப்பா மாதிரி கிழித்திருந்தான். பட்டுப்புடவை எல்லாம் தரையில். பித்தளைக் குத்துவிளக்கைத் தொடவில்லை, கனம் போல. வெள்ளிக் காமாட்சி விளக்கு, குங்குமச் சிமிழ் எல்லாம் போயிற்று. கட்டில் மேல் என்ன தெரியுமா? எங்கள் கவரிங் நகைகள் அத்தனையும் ஒதுக்கிக் குவித்து வைத்திருந்தான். உட்கார்ந்து நிதானமாகத் தரம் பிரித்திருக்கிறான், பாவி.

மோப்ப நாய் வந்தது. சின்ன வயசிலிருந்து பேப்பரில் படிக்கிறோமே, நாய் சிறிது தூரம் ஓடி நின்றதாம், யாரையும் கவ்விப் பிடிக்கவில்லையாம் என்று, அதைக் கண்ணால் பார்த்தேன். ரெண்டு தும்மல் போட்டது, முக்கு டீக்கடை வரைக்கும் ஓடியது, நின்றது. டீக்கடைக்காரர்தான் வெலவெலத்துப் போய்விட்டார். கைரேகைக்காரர்கள் கறுப்புப் பொடியைத் தடவி பீரோ, கதவு, சுவிட்சு எல்லாவற்றிலும் ரேகை எடுத்தார்கள். எங்கள் விரல்களையும் உருட்டிக்கொண்டு போனார்கள். எங்களுடையதைக் கழித்தால்தானே அவனுடையது மிஞ்சும்? அதனால் ஒன்றைக் கேட்டுக்கொள். எங்கேயாவது இப்படி நடந்தால் முதல் வேலையாக விளக்குமாற்றை எடுக்காதே. என் மாமியார் மிளகாய்த் தூளைப் பெருக்கக் கிளம்பிவிட்டார், நான்தான் குறுக்கே நின்றேன்.

ஸ்டேஷனில் முதலில் புகாரை வாங்கிக்கொண்டதற்கான சி.எஸ்.ஆர். ரசீதைக் கையில் கொடுத்து, “பார்க்கிறோம்மா” என்று அனுப்பப் பார்த்தார்கள். என் சித்தப்பா மகன் வக்கீல் ஆயிற்றே, போனிலேயே கத்தினான். “அக்கா, திருட்டுன்னா எஃப்.ஐ.ஆர். போட்டே ஆகணும். நகல் இலவசமாக் குடுக்கணும். வாங்காம வராதே.” வாங்கிக்கொண்டுதான் வந்தேன். அதைப் பார்த்து என் மாமனாருக்கு ஒரே ஏமாற்றம். கோர்ட்டில் குமாஸ்தாவாக இருந்தவர், 457, 380 என்று பழைய எண்களைத் தேடுகிறார். 2024 ஜூலை 1-ஆம் தேதியிலிருந்து எல்லாம் மாறிவிட்டதே. வீட்டுக்குள் திருடினால் புதுச் சட்டமான பி.என்.எஸ். 305, ராத்திரியில் உடைத்து நுழைந்தால் 331-ல் நாலாவது உட்பிரிவு. “நம்பரையும் திருடிட்டாங்களா?” என்றார். வீட்டில் அன்றைக்கு முதலும் கடைசியுமாகச் சிரித்தது அதற்குத்தான்.

நகைப் பட்டியல் கொடுப்பதுதான் பெரும்பாடு. “சங்கிலி 4 சவரன்” என்று எழுதினால் போதாதாம். கண்ணி எப்படி, டாலரில் என்ன உருவம், கொக்கி மாற்றினதா, முத்திரை என்ன, எல்லாம் வேண்டும். பில் இருந்தால் பில், இல்லாவிட்டால் போட்டிருக்கிற போட்டோ. கல்யாண ஆல்பத்தைப் பிரித்து வைத்துக்கொண்டு என் கழுத்தை நானே பூதக்கண்ணாடியில் பார்த்தேன். 2023 ஏப்ரலிலிருந்து கடையில் விற்கிற ஹால்மார்க் நகைக்கு எழுத்தும் எண்ணும் கலந்த 6 இலக்க ஹெச்.யூ.ஐ.டி. கட்டாயம். மகள் வளையலுக்கு அது பில்லிலேயே இருந்ததால் எழுதிக் கொடுத்துவிட்டேன். அம்மாவின் ஏழுகல் தோட்டுக்கு என்னத்தை எழுதுவது? அம்மா அதைப் போட்டுக்கொண்டு என்னை மடியில் வைத்திருக்கிற கறுப்பு வெள்ளைப் போட்டோ ஒன்று இருந்தது. அதைத்தான் கொடுத்தேன். சங்கிலி போனதற்கு எனக்கு அழுகை வரவில்லை ராஜி. அந்தத் தோட்டுக்கு இன்னும் வருகிறது. உருக்கினால் என்ன தேறும், அதைப் போய்!

பிடிபட்டு நகை கிடைத்தால்கூட கேஸ் முடிகிற வரைக்கும் கோர்ட்டில்தான் கிடக்கும் என்று எல்லாரும் பயமுறுத்தினார்கள். அதெல்லாம் இல்லையாம். போட்டோ எடுத்து, விவரமாக மகஜர் எழுதி, பத்திரம் வாங்கிக்கொண்டு சொந்தக்காரரிடம் கொடுத்துவிடலாம் என்று 2002-லேயே சுப்ரீம் கோர்ட்டு சொல்லியிருக்கிறதாம். வக்கீல் தம்பி சொன்னான். முதலில் கிடைக்கட்டும்.

இனிமேல்தான் எரிச்சலான பகுதி. வந்து துக்கம் விசாரிக்கிற ஒவ்வொருவரும் காபியைக் குடித்து முடித்ததும் குரலைத் தாழ்த்துகிறார்கள். “வேலைக்கு வர்றவ மேல சந்தேகம் இருக்கா?” எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது. எத்தனை வருஷமாக வருகிற அக்கா! என் பிரசவத்துக்குப் பத்தியம் வைத்துக் கொடுத்தவர். எதிர்வீட்டு மாடியில் பெயின்ட் அடித்தவர்களை யாரும் கேட்கவில்லை. கல்யாணப் பத்திரிகை கொடுக்க வந்து வீட்டைச் சுற்றிப் பார்த்த சொந்தக்காரர்களை யாரும் கேட்கவில்லை. தேதியும் மண்டபமும் போட்டு ஊர் முழுக்கப் பத்திரிகை கொடுத்திருக்கிறார்கள், நாங்கள் எந்த ராத்திரி இருக்கமாட்டோம் என்று தெரிந்துகொள்ள ஒருத்தருக்கு வேலைக்காரி எதற்கு? காலேஜில் சிலப்பதிகாரத்தின் கொலைக்களக் காதை நடத்தும்போது நீயும் நானும் கடைசி பெஞ்சில் அழுதோமே. திருடர்களின் வித்தையை எட்டு வகையாக அடுக்கி, மந்திரத்தில் ஆரம்பித்து இடம், காலம், கருவி வரைக்கும் பாடம் எடுத்தது யார்? சிலம்பைத் திருடின பொற்கொல்லன்தானே? சந்தேகத்தை வெளியூர்க்காரன் கோவலன் தலையில் கட்டிவிட்ட இதே மதுரையில் உட்கார்ந்துகொண்டு மறுபடியும் அதையே செய்கிறோம். அக்காவை ஸ்டேஷனுக்கு விசாரிக்கக் கூப்பிட்டபோது நானும் கூடப் போய்ப் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்தேன். நாத்தனாருக்கு அதில் கோபம். இருக்கட்டும்.

மாமியார் வேறு, ஆனைமலை மாசாணியம்மன் கோயிலுக்குப் போயே தீரவேண்டும் என்று நிற்கிறார். அங்கே நீதிக்கல்லில் மிளகாய் அரைத்துப் பூசினால் திருடினவனுக்கு உடம்பெல்லாம் எரியுமாம். இவர் சொன்னார்: “ஒரு தூக்கு மிளகாயை அவனே கொட்டிட்டுப் போயிட்டான், நாம இன்னும் அரைக்கணுமா?” ஆனாலும் அழைத்துப் போகலாம் என்றுதான் இருக்கிறேன். போலீசில் பட்டியல் கொடுத்ததால் எனக்குக் கொஞ்சம் ஆறுகிறது. மாமியாருக்கு அம்மி வேண்டியிருக்கிறது. அவரவர் வழி.

ராத்திரிதான் கஷ்டம். பூனை தண்ணித்தொட்டி மேல் குதித்தால்கூட எல்லாரும் எழுந்து உட்கார்ந்துவிடுகிறோம். மகள் தனியாகப் படுக்கமாட்டேன் என்கிறாள். எவனோ கை வைத்த துணி என்று பீரோவிலிருந்த அத்தனையையும் துவைத்தேன், பட்டை எல்லாம் டிரை கிளீனிங்குக்குப் போட்டேன். வீண் செலவு என்றார் இவர். அதைச் செய்த பிறகுதான் பீரோவைத் திறக்க எனக்குக் கை வந்தது. எதிர்வீட்டு அக்கா கேட்காமலே பாயைத் தூக்கிக்கொண்டு வந்து எங்கள் ஹாலில் படுத்துக்கொண்டார். அவர் விடும் குறட்டையில் எந்தத் திருடனும் கிட்ட வரமாட்டான்.

விசாரணைக்கு வந்த ஏட்டையா நல்ல மனுஷர், பேச்சில் கெட்டிக்காரர். ரிட்டயர் ஆகப்போகிறார். என்னை வாசலுக்கு வெளியே கூட்டிக்கொண்டுபோய் நிறுத்தி, “இங்கேருந்து உங்க வீட்டைப் பாருங்கம்மா” என்றார். பார்த்தேன். கோலம் இல்லை. கேட்டில் ஜவுளிக்கடை நோட்டீஸ் அப்படியே செருகிக் கிடக்கிறது. பட்டப்பகலில் போர்டிகோ விளக்கு எரிகிறது. வெளியே பெரிய பூட்டு. “வீட்ல ஆள் இல்லைன்னு போர்டு ஒண்ணுதாம்மா மாட்டலை” என்றார். அவன் ரெண்டு நாள் முன்னாடியே பழைய பேப்பர் எடுக்கிறவன் மாதிரியோ, பாய் விற்கிறவன் மாதிரியோ தெருவில் நடந்திருப்பான், கோலம் அழிந்து மறுகோலம் விழாத வாசலைத்தான் எண்ணிக்கொண்டு போவான் என்கிறார். இப்போது எதிர்வீட்டு அக்காவிடம் சொல்லிவைத்துவிட்டேன், நாங்கள் ஊருக்குப் போனால் எங்கள் வாசலிலும் தண்ணீர் தெளித்து நாலு புள்ளி வைத்துவிடுவார். நோட்டீசையும் எடுத்துவிடுவார். பதிலுக்கு அவர் மகள் வீட்டுக்குப் போகும்போது நான். ஊருக்குப் போவதை ஸ்டேஷனில் எழுதிக்கொடுத்துவிட்டுப் போனால் ரோந்து வருகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்களாம். பாதிப் பேர் அதற்குக் கூச்சப்படுகிறார்கள், ஆனால் வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் “ஃபேமிலியுடன் கொடைக்கானல்” என்று போட மட்டும் கூச்சம் இல்லை.

ஆசாரி வந்து கதவைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டார். பூட்டுக்குக் கொட்டிய பணத்தில் கால் பங்கை நாதாங்கிக்குச் செலவழித்திருக்கலாமாம். அரை இஞ்ச் திருகாணியில் நின்றிருக்கிறது மொத்த வீடும்! இப்போது கதவை ஊடுருவி உள்பக்கம் நட்டு முறுக்கிய போல்ட்டு, நிலையில் நீளத் திருகாணி, கதவுக்குள்ளேயே பதித்த பூட்டு. வெளியிலிருந்து பார்த்தால் ஆள் இருக்கிறார்களா இல்லையா என்று தெரியாது. மொட்டைமாடிக் கதவுக்கு இரும்புத் தகடு அடித்துக் குறுக்குப் பட்டை போட்டாயிற்று. ராஜி, உன் வீட்டு மாடிக் கதவு பிளைவுட்தானே? எழுந்துபோய்ப் பார். சமையலறையில் எக்ஸாஸ்ட் ஃபேன் ஓட்டைக்குக் கம்பி இருக்கிறதா என்றும் பார். கேமராவும் மாட்டியிருக்கிறோம். படம் பதிகிற பெட்டியை டி.வி. பக்கத்தில் வைத்தால் திருடன் அதையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போய்விடுவானாம். அதனால் பெட்டி எங்கே இருக்கிறது என்று உனக்குக்கூட எழுதமாட்டேன்.

மிச்சமிருந்ததை லாக்கரில் கொண்டுபோய் வைத்தேன். அதிலும் ஒரு சங்கதி. லாக்கரில் திருட்டுப் போனால் பேங்க் முழுசாகக் கொடுத்துவிடும் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கிறாய் அல்லவா? ரிசர்வ் வங்கி 2021-ல் போட்ட விதிப்படி வருஷ வாடகையைப்போல 100 மடங்கு வரைக்கும்தான் பேங்கின் பொறுப்பு. 2,000 ரூபாய் வாடகை என்றால் 2 லட்சம். இன்றைய விலைக்கு அது எத்தனை சவரன் என்று நீயே கணக்குப் போடு. வீட்டு இன்ஷூரன்ஸும் அப்படித்தான். 2021 ஏப்ரலிலிருந்து கம்பெனிகள் விற்கிற பாரத் கிருஹ ரக்ஷா பாலிசி அடிப்படையில் தீ, வெள்ளம் மாதிரியான சேதத்துக்கு. அப்படி ஒன்று நடந்து 7 நாளைக்குள் திருட்டுப் போனால் உண்டு. எங்களை மாதிரி வெறுமனே கதவை உடைத்துக்கொண்டு போனால் அதற்குத் தனியாகக் கட்டியிருக்கவேண்டும், நகைக்கு இன்னும் தனியாக. இவர் பாலிசியை எடுத்துப் படித்துவிட்டு ஒரு நாள் முழுக்க யாரோடும் பேசவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இதை உன்னிடம் மட்டும்தான் சொல்கிறேன், சின்ன மாமியார் காதுக்குப் போனால் நம் நட்பு அவ்வளவுதான். கட்டில் மேல் கவரிங்கைக் குவித்து வைத்துவிட்டுப் போனான் என்றேனே. அதை எடுத்து வைக்கும்போது பார்க்கிறேன், நடுவிலே என் நாத்தனாரின் கெட்டி வளையல் ஜோடி! போன ஆடியில் “ஊருக்குப் போறேன் அண்ணி, ரெண்டு சவரன், பத்திரமா வைங்க” என்று என்னிடம் கொடுத்துவிட்டுப் போனாளே, அதே வளையல்தான். அவள் கல்யாணத்துக்கு மாப்பிள்ளை வீட்டார் போட்டது. என் அம்மாவின் சின்னத் தோட்டைக்கூட விடாமல் எடுத்தவன், இதை ஒதுக்கிவிட்டுப் போயிருக்கிறான். ஒரு வளையலில் லேசாக உரசிப் பார்த்த தடம், உள்ளே செம்பு தெரிகிறது.

மாமியாருக்குத் தெரியாது. இவருக்கும் சொல்லவில்லை. நேற்று ராத்திரி நாத்தனார் போன் பண்ணி, “அண்ணி, போலீஸ் லிஸ்டில் என் வளையலையும் சேர்த்தீங்களா?” என்று கேட்கிறாள். அவளுக்கே தெரியாதா, தெரிந்துதான் கேட்கிறாளா என்று குரலை வைத்து எனக்குக் கண்டுபிடிக்க முடியவில்லை. காலையில் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டேன். வளையல் என் தலையணை உறைக்குள் இருக்கிறது. என்ன சொல்லட்டும்? கடிதம் கிடைத்ததும் போன் பண்ணு, மத்தியானம் மாமியார் தூங்கும் நேரமாகப் பார்த்து.

உன்
மீனா